தகரச் சுவரைக் கணினிக்கு விளக்கிய கதை

ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் தகரச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு நெளிவையும் கணினிக்குத் தனித்தனியாக விளக்கிச் சொல்ல முயன்றவன் நான். சுவர் நீளமானது. நெளிவுகள் ஆயிரக்கணக்கில். கணினியோ எனக்காக வாங்கியதல்ல; தொலைபேசிக் கட்டணப் பில்களை அச்சடிக்க மலேசியத் தொலைத்தொடர்பு இலாகா வாங்கிய இயந்திரம் அது. என் தகரம் அதன் தொண்டையில் சிக்கிக்கொண்டதில் அந்த மாதம் பல ஊர்களுக்குப் பில் தாமதமாகப் போயிற்று. என் சேவைக் காலத்தில் பொதுமக்கள் மனமார வாழ்த்திய ஒரே வேலை அதுதான். யாரை வாழ்த்துகிறோம் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம், என் பழைய பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண். ஓய்வு பெற்றவர்களுக்கு அவர்கள் வைத்த விருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து ஒரு மலையைக் காட்டினாள். மலைமேல் கோபுரம், அடிவாரத்தில் கட்டடங்கள். ஒரு பொத்தானைத் தட்டினாள். வானொலி அலை எங்கெல்லாம் பட்டு எப்படியெல்லாம் சிதறுகிறது என்று சிவப்பும் மஞ்சளுமாகப் படம் விரிந்தது. கோழி வறுவல் மேசைக்கு வருவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது.

"அங்கிள், அப்பல்லாம் இத எப்படி லா பண்ணீங்க?" என்று கேட்டாள்.

நிறைய தேநீர் குடித்தோம் என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். அது முழு உண்மை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மின்காந்தவியலில் தேறினேன், தேறிவிட்டதால் அது புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். இலாகாவின் வானொலித் திட்டப் பிரிவில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள், எந்தக் குன்றில் நின்றால் எந்த நிலையம் கேட்கிறது என்று குறித்துக்கொண்டு திரிந்தேன். அட்டை எங்கே கடித்தாலும் வலிக்காது என்பதைத் தவிர அந்த ஆண்டுகளில் நான் கற்றது குறைவு. பிறகு அலைக் கணக்குகளைப் பார்த்துவந்த கனகசபை சாரிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் சிரம்பானில் பிறந்தவர். ஆனால் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த தமிழை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். கூர்மையானது அவருக்கு, மொட்டையானது இரவல் கேட்பவர்களுக்கு. யாரையும் தவறு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் "ஓம்" மட்டும் சொல்வார். சரியான கணக்குக்கு அந்த ஓம் சின்னதாக இருக்கும். தவறு பெரிதாகப் பெரிதாக அதுவும் நீளும். கோயில் மணி அடித்து ஓய்வதுபோல அது ஓயும்வரை எதிரில் நின்று காத்திருக்க வேண்டும்.

அவர் பிரிவில் ஒரு வழக்கம். கணினிக்குக் கட்டளையைத் துளையிட்ட அட்டை ஒன்றுகூடப் போவதற்கு முன்னால், அவர் மேசை முன் நின்று விடை என்ன வரும் என்று வாயால் சொல்ல வேண்டும். முதல் தடவை நான் துணிந்து கேட்டேன், விடை தெரிந்தால் கணினி எதற்கு என்று.

"விடை என்னவா வருமெண்டே தெரியாட்டா, வந்த விடை பிழையெண்டு உமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கேமரன் மலையில் அந்தத் தகரச் சுவர் வேலை வந்தது. ரிங்லெட் ஊரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். தோட்டத்தின் மருந்தகம் ஒரு பள்ளத்தில் இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கம் என்பதால் அங்கே கட்டியிருந்தார்கள். எதிர்ச் சரிவில் தொழிற்சாலை. இரண்டுக்கும் மேலே, உச்சியில், தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா. அந்தக் காலத்துத் துரை வெள்ளைக்காரர் அல்ல, பினாங்குக்காரர். ஆனாலும் துரை துரைதான்.

மருந்தகத்தை நடத்திய தாதி கமலம் மிஸ்ஸி. தோட்டத்தில் பாதிப் பேரைத் தாய் வயிற்றிலிருந்து அவர்தான் வெளியே இழுத்துப் போட்டவர். மீதிப் பாதிக்கு ஊசி போட்டவர். அதனால் யாரும் அவரோடு எதிர்த்துப் பேசுவதில்லை. மருந்தகத்திலிருந்து வெளியே போன தொலைபேசிக் கம்பி ஒவ்வொரு மழைக்கும் மரம் விழுந்து அறுந்தது. முந்தைய மழைக்காலத்தில் அப்படி அறுந்திருந்தபோது, ஒரு பிரசவத்துக்கு ரிங்லெட்டிலிருந்து ஆஸ்பத்திரி வேன் கேட்டு மோட்டார் சைக்கிளில் ஆளை அனுப்பியிருக்கிறார். வேன் வந்தபோது தாய் பிழைத்தாள், பிள்ளை இல்லை. இதை மிஸ்ஸி என்னிடம் சொன்னதே இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொன்னார், அதுவும் மிஸ்ஸி இல்லாத நேரம் பார்த்து.

அதற்குப் பிறகுதான் மருந்தகத்துக்கு ஒரு வானொலித் தொலைபேசிப் பெட்டி வந்தது. ரிங்லெட் சுகாதார நிலையத்தோடு பேசும். அதாவது, பேச வேண்டும். மிஸ்ஸி பேசினால் ரிங்லெட்டில் அப்பளம் பொரிக்கும் சத்தம் கேட்டது. அதே பெட்டியைப் பங்களாவுக்குத் தூக்கிப்போய்ப் பார்த்தார்கள்; மணிமணியாகக் கேட்டது. துரை நல்லவர்தான். மழைக்காலத்துக்குள் சரியாகாவிட்டால் பெட்டி பங்களாவிலேயே இருக்கட்டும், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்றார்.

"யாரு வேணா வரலாமாம். வலி வந்தவள விட்டுட்டு நா மலையேறி, அந்த ரெண்டு நாய்க்கும் வணக்கம் சொல்லி, தொரையம்மா வந்து கதவத் தொறக்கறதுக்குள்ள புள்ள பொறந்து ஸ்கூலுக்குப் போயிடும் சார்," என்றார் மிஸ்ஸி.

அவர் இன்னொன்றும் சொன்னார். காலையில் கொஞ்சமாவது கேட்கிறது, பிற்பகலில் மூடுபனி இறங்கினால் சுத்தமாக இல்லை. பனிதான் குரலைத் தின்கிறது என்று. இந்த அலை பனிக்கெல்லாம் அசையாது என்று நான் ஒரு சிறிய சொற்பொழிவு ஆற்றினேன். இயற்பியல் சரியானது. மிஸ்ஸி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சிக்கல் என்னவென்று எங்களுக்கு ஓரளவு புலப்பட்டது. ரிங்லெட்டிலிருந்து வரும் அலை மலைமுகட்டில் வழிந்து நேராகப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. அதே அலை எதிர்ச் சரிவில் இருக்கும் தொழிற்சாலையின் தகரச் சுவரிலும் பட்டுச் சிதறி, இன்னொரு வழியாகவும் வருகிறது. ஒன்று ஏறும் நேரத்தில் மற்றது இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மருந்தகத்தின் வாசல் தூண் சரியாக அப்படி ஓர் இடத்தில் நின்றது. அழியாத இடம் எது என்று தெரிந்தால் ஆண்டெனாவை அங்கே நட்டுவிடலாம். அதைத் தெரிந்துகொள்ள, சுவர் அலையை எப்படிச் சிதறடிக்கிறது என்று கணக்கிட வேண்டும்.

கணக்கு கேட்பதற்கு எளிது. சுவரைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். அலை பட்டதும் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் மின்னோட்டம் எழும். அது மற்ற எல்லாத் துண்டுகளையும் பாதிக்கும். அவை திரும்ப இதைப் பாதிக்கும். கல்யாண வீட்டில் வந்தவர் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நலம் விசாரிப்பது மாதிரி. பத்துப் பேர் என்றால் பந்திக்குள் முடியும். பத்தாயிரம் பேர் என்றால் மணமக்களுக்குப் பேரன் பிறந்துவிடும்.

நான் நெளிவு நெளிவாகப் பிரித்து அத்தனை பேரையும் கல்யாணத்துக்கு அழைத்தேன். கணினி அறையின் பொறுப்பாளர் தொலைபேசியில் கனகசபை சாரிடம் பேசிய சத்தம் எனக்கு அடுத்த அறையிலேயே கேட்டது. சார் என்னைக் கூப்பிட்டார். என் வரைபடத்தைப் பார்த்தார். அந்த ஓம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அலை எவ்வளவு நீளம்?"

"இரண்டு மீட்டர், சார்."

"தகரத்தில ஒரு நெளிவு?"

நான் விரலால் காட்டினேன். விரலை மடக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றேன். இரண்டு மீட்டர் அலைக்கு அந்த நெளிவுகள் தெரியவே தெரியாது. அதற்கு அது வழவழப்பான பலகை. இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஒரு மேசையைக் கடக்கும் யானைக்கு மேசைமேல் ஊரும் எறும்புகளின் பெயரை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

அடுத்து வந்த வாரங்கள்தான் என் உத்தியோகத்தின் இனிப்பான பகுதி. முதலில் துண்டுகளைப் பெரிதாக்கினோம். அப்போதும் கூட்டம் அதிகம்தான். பிறகு இன்னொன்று கவனித்தோம். சுவர் முழுவதும் ஒரே அளவுத் துண்டு. மூன்றாம் துண்டு ஐந்தாம் துண்டை எப்படிப் பாதிக்கிறதோ, அப்படியேதான் பத்தாம் துண்டு பன்னிரண்டாம் துண்டைப் பாதிக்கும், இடைவெளி ஒன்றுதானே. எல்லோர் பேச்சையும் எழுதி வைக்க வேண்டியதில்லை. ஒருவர் மற்றவர்களிடம் பேசுவதைக் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். கணினியின் சின்ன வயிற்றுக்குள் சுவர் முழுசாக அடங்கிவிட்டது.

விடையையும் ஒரேயடியாகத் தேடவில்லை. ஒரு தோராயமான விடையை வைத்து, அது எவ்வளவு பிசகு என்று பார்த்து, திருத்தி, மறுபடி பார்த்து, மறுபடி திருத்தி. குழம்புக்கு உப்புப் பார்ப்பது அப்படித்தானே. முதலில் போடும் உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், நாக்கு சரியாக இருந்தால் சீக்கிரம் நின்றுவிடும். இவையெல்லாம் நாங்கள் கண்டுபிடித்தவை என்று நெஞ்சை நிமிர்த்தவில்லை. வெளிநாட்டு ஆய்விதழ்களில் அப்போதுதான் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்த யோசனைகள். சார் அவற்றை மதிய உணவோடு வாசிப்பார். சில பக்கங்களில் சம்பல் கறை இருக்கும். அந்தப் பக்கங்கள்தான் முக்கியமானவை என்று எனக்குப் பழகிவிட்டது.

இப்போது என் கணக்கு, பில் அச்சடிக்கும் இயந்திரத்துக்குக் காகிதம் மாற்றும் இடைவெளியில் ஓடி முடிந்தது. ஆண்டெனாவை வாசல் தூணிலிருந்து பின்பக்கக் கடைசித் தூணுக்கு மாற்று என்றது விடை.

சாரும் நானும் மலைக்குப் போனோம். காலையில் மாற்றிக் கட்டினோம். மிஸ்ஸி பெட்டியின் முன் உட்கார்ந்து ரிங்லெட்டைக் கூப்பிட்டார். அங்கிருந்த உதவியாளர் இருமியதுகூடக் கேட்டது. மிஸ்ஸி கேசரி கிண்டினார். நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். பிற்பகலில் வழக்கம்போல மூடுபனி பள்ளத்துக்குள் இறங்கியது. பெட்டி ஊமையானது. அப்பளச் சத்தம்கூட இல்லை.

மிஸ்ஸி பனியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சார் நீண்ட ஓம் ஒன்று விட்டார். மறுநாள் காலை பெட்டி மறுபடி பேசியது. துரை வருத்தத்தோடுதான் சொன்னார், மழை தொடங்கிவிட்டது, இனிமேல் காத்திருக்க முடியாது, பிற்பகலில் ஆள் அனுப்பிப் பெட்டியைப் பங்களாவுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று.

ஆட்கள் பெட்டியைக் கழற்றத் திருப்புளியோடு வந்து வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே ஒருத்தி வந்துவிட்டாள். பெயர் செல்வி. கொழுந்து பறிக்கும் இடத்திலிருந்து இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மிஸ்ஸி உள்ளே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. பிள்ளை கால் பக்கமாக இருக்கிறது, இங்கே முடியாது, வேன் வேண்டும், உடனே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். தொலைபேசிக் கம்பி இரண்டு நாளாக அறுந்து கிடந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

மிஸ்ஸி பெட்டியில் கூப்பிட்டார். ரிங்லெட் ஏதோ பதில் சொல்லத் தொடங்கியது. அப்போது எதிர்ச் சரிவில், பனிக்குள்ளிருந்து, தடால் என்று ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொன்று. தடால், தடால் என்று வரிசையாகச் சுவர் நெடுக அது நகர்ந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ரிங்லெட்டின் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. கடைசிச் சத்தத்தோடு போய்விட்டது.

சாரும் நானும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். தொழிற்சாலையின் மேல்தளத்தில்தான் கொழுந்தைப் பரப்பி வாடவிடுவார்கள். சுவர் முழுக்கச் சாளரங்கள். வரைபடத்திலும் சாளரம் என்றுதான் இருந்தது. சாளரம் என்றால் ஓட்டை, அலை உள்ளே போய்விடும் என்று கணக்கில் எழுதியிருந்தேன்.

"அந்தச் சாளரத்துக்கெல்லாம் தகரக் கதவு இருக்கோ?" என்றார் சார்.

"நான் கேட்கலே, சார்."

"நானும் கேக்கேல்ல. ஓடும்."

ஓடினேன். பனி ஈரம் கொழுந்தில் ஏறினால் வாடாது; அதனால் பனி இறங்கியதும் கதவுகளை அடைத்துச் சூடான காற்றை விடுவது அங்கே அன்றாட வேலை. கதவு திறந்திருந்தால் சுவர் ஓட்டை. அடைத்தால் அலையைத் திருப்பி அடிக்கும் முழுக் கண்ணாடி. மிஸ்ஸி பனியைக் குற்றம் சாட்டினார், நான் பனியை விடுதலை செய்தேன். பனி கூட்டாளியை வைத்து வேலை பார்த்திருக்கிறது.

மேல்தளத்தில், தேயிலைப் பக்குவத்தைப் பார்க்கும் டீமேக்கர் வேலாயுதம் நின்றுகொண்டிருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பொறுப்பு. எல்லாக் கதவையும் திறங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பனி உள்ள வந்தா இன்னிக்குக் கொழுந்து பூரா வீணாப் போயிடும் சார். அப்புறம் தொரை என்னையத்தான் வாட்டுவாரு."

இரண்டு அலைகள் எப்படி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்று மூச்சிரைக்க விளக்கினேன். கைகளால் ஏற்றமும் இறக்கமும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வேறு வழியில்லாமல், மிஸ்ஸிதான் திறக்கச் சொன்னார் என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே லா," என்று சொல்லி, அவரே முதல் கதவைத் தள்ளினார்.

எல்லோருமாகச் சேர்ந்து திறந்தோம். பனி நிதானமாக உள்ளே வந்து, பரப்பிய கொழுந்தின் மேல் படுத்தது. எதிரே மருந்தகம் கண்ணுக்குத் தெரியவில்லை. கணக்கு சரிதானா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒரு விடைக்காகச் சாமி கும்பிட்டிருக்கிறேன். அது அந்தச் சாளரத்தில். பிறகு மறுபடி ஓடினேன், இறக்கத்தில் ஒரு முறை வழுக்கி உட்கார்ந்தபடியே.

மருந்தகத்து வாசலுக்கு வந்தபோது உள்ளே மிஸ்ஸி பெட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வேனில் எண்ணெய் இல்லையென்றால் பக்கத்துக் காய்கறி லோரியில் உறிஞ்சி ஊற்று, எனக்குத் தெரியாது, வேன் வர வேண்டும் என்று. எதிர்முனை கெஞ்சுவது தெளிவாகக் கேட்டது. அவ்வளவு இனிமையான சண்டையை நான் கேட்டதில்லை. திருப்புளிக்காரர்கள் ஓசைப்படாமல் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

வேன் வந்தது. மிஸ்ஸியும் கூட ஏறிப் போனார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று மறுநாள் காலை ரிங்லெட்டிலிருந்து செய்தி வந்தது, பெட்டி வழியாகவே. துரை தொழிற்சாலைக்குப் போய் வீணான கொழுந்தைப் பார்த்துவிட்டு, நேராக மருந்தகத்துக்கு வந்தார். பெட்டி இங்கேயே இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு அவசரத்துக்கும் ஒரு நாள் கொழுந்தைக் கொடுக்க முடியாது, சீக்கிரம் ஒரு வழி பாருங்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது.

கோலாலம்பூருக்குத் திரும்பினோம். பழைய முறையாக இருந்தால் இன்னொரு தடவை கணக்குப் போடவே அனுமதி கிடைத்திருக்காது. இப்போது கதவு திறந்திருந்தால் ஒரு கணக்கு, அடைத்திருந்தால் ஒரு கணக்கு, பாதி அடைத்திருந்தால் ஒன்று என்று ஓட்டிக்கொண்டே போனோம். காகிதம் மாற்றும் இடைவெளிகளிலேயே எல்லாம் முடிந்தது. வேகமான முறையின் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. நமக்குத் தெரியாததைக் கணினி கண்டுபிடித்துத் தராது. ஆனால் நாம் கேட்க மறந்த கேள்வியை மறுபடி போய்க் கேட்கலாம், அது முகம் சுளிக்காது.

மூன்று நிலையிலும் குரல் சாகாத இடம் ஒன்றே ஒன்று கிடைத்தது. மிஸ்ஸியின் கோழிக்கூடு. சாரிடம் கொண்டுபோனேன்.

"கூட்டில கம்பி வலை இருக்குமே?"

"சேர்த்துட்டேன், சார்."

"கோழி?"

"கோழி அசையும், சார். சராசரி எடுத்திருக்கேன்."

"ஓம்," என்றார். அவரிடம் நான் வாங்கியதிலேயே மிகச் சின்ன ஓம் அது. என் சேவைக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதக்கமும் அதுதான்.

கோழிக்கூட்டின் நடுவில் கம்பம் நட்டோம். கோழிகள் சில நாள் கோபித்துக்கொண்டு முட்டையை நிறுத்தியதாகக் கேள்வி. அந்த மழைக்காலம் முடிந்த பிறகு, கம்போங் ராஜா பக்கம் வேறு ஒரு வேலையாகப் போனவன், மருந்தகத்தில் வண்டியை நிறுத்தினேன். பிற்பகல். பனி கெட்டியாக இறங்கியிருந்தது. எதிர்ச் சரிவில் தடால், தடால் என்று கதவுகள் அடைபட்டன. உள்ளே பெட்டி மட்டும் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது. சொல்லுக்குச் சொல் சுத்தமாக இருந்தது.

மிஸ்ஸி அதற்கு வெகுநேரம் பதில் சொல்லிவிட்டு, ஒலிவாங்கியை வைத்தார். அந்த மழைக்காலத்தில் எத்தனை முறை வேன் கூப்பிட்டார், எப்படி ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று சொன்னார். நன்றியும் சொன்னார். நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

வந்தது. "தெனம் மூணு மணிக்குப் பெரிய டாக்டரோட கிராணி கூப்புட்டு, மாத்திர எத்தன, காய்ச்சல் எத்தனன்னு கணக்குக் கேப்பான் சார். முன்னல்லாம் பனி எறங்குனா லைன் இல்லன்னு போட்டுட்டு, செத்த நேரம் கால நீட்டிப் படுப்பேன். இப்ப அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டீங்க."